சிங்கப்பூரில் ஓட எந்தக் கடிகாரம்? முதலில் எங்கே ஓடுகிறீர்கள், சொல்லுங்கள்

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஓடுகிறவருக்கும், வேலை முடிந்து ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து மரினா பே பக்கம் ஓடுகிறவருக்கும் ஒரே கடிகாரத்தைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. தூரம் சரியாக வருமா என்பதைக் கடிகாரத்தின் விலையைவிட ஓடும் இடம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. "அண்ணே, எந்த மாடல் வாங்கலாம்?" என்று கேட்கும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பதும் அதைத்தான்.

களத்தில் இருப்பவை நான்கு: செயற்கைக்கோள் சமிக்ஞையை ஒரே அலைவரிசையில் கேட்கும் ஒற்றை அலைவரிசைக் கடிகாரம், இரண்டில் கேட்கும் இரட்டை அலைவரிசைக் கடிகாரம், ஷூ கயிற்றில் மாட்டும் ஃபுட்பாட் என்ற சின்னக் கருவி, அப்புறம் எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கும் திறன்பேசி. திறன்பேசியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். இரட்டை அலைவரிசை கடிகாரங்களுக்கு முன்பே, 2018இல் ஷாவ்மி மி 8 திறன்பேசியில் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் இடுப்புப் பையில், உடம்பு பாதி வானத்தை மறைக்க, வியர்வையில் ஊறும் ஆன்டெனாவிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது? ஓடும்போது வேகத்தை எட்டிப் பார்க்கவும் முடியாது.

உண்மையான சண்டை கடிகாரங்களுக்குள்தான். சாதாரண ஜிபிஎஸ் கடிகாரம் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் கேட்கிறது. இதன் பெயர் எல்1. இரட்டை அலைவரிசைக் கடிகாரம் கூடவே 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 சமிக்ஞையையும் கேட்கும். ஷெண்டன் வேயில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். இரு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். செயற்கைக்கோள் சமிக்ஞை நேராக வராமல் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். தாமதத்தைத் தூரமாக எடுத்துக்கொள்ளும் கடிகாரம், நீங்கள் அடுத்த தெருவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தாமதத்தை அளக்கச் சமிக்ஞையோடு வரும் குறியீடு எல்5இல் எல்1ஐவிடப் பத்து மடங்கு வேகமானது. சென்டிமீட்டர் கோடு மட்டும் போட்ட அளவுகோலுக்கும் மில்லிமீட்டர் கோடு போட்டதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. நேராக வந்தது எது, தெறித்து வந்தது எது என்று பிரித்துப் பார்க்க அதனால் சுலபமாக முடிகிறது.

என் பழைய ஒற்றை அலைவரிசைக் கடிகாரம் அந்தத் தெருவில் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். சீராக ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பேன். திரையில் கிலோமீட்டருக்கு 5:40 என்று இருக்கும். நாலு கட்டடம் தாண்டுவதற்குள் 4:10 ஆகும், உலகச் சாதனைக்குக் கிளம்பிவிட்டேனோ என்று தோன்றும். பிறகு 6:50. வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் திறந்தால், ஒரு வங்கியின் வரவேற்புக் கூடம் வழியாகப் புகுந்து, சிங்கப்பூர் ஆற்றின் மேல் நடந்து, மறுபடி கரையேறியிருப்பேன். இப்படிக் கோணல்மாணலாகப் போகும் கோடு எப்போதும் நேர்கோட்டைவிட நீளம்தானே? அதனால் நகருக்குள் தூரம் பெரும்பாலும் கூடுதலாகவே விழும். இரட்டை அலைவரிசையில் இந்தக் கூத்து வெகுவாகக் குறைகிறது, முழுக்க நிற்பதில்லை. கட்டடம் வானத்தையே மறைத்துவிட்டால் எந்த அலைவரிசையும் உதவாது.

கிழக்குக் கடற்கரைக்கு வாருங்கள். ஒரு பக்கம் கடல், தலைக்கு மேல் திறந்த வானம். இங்கே இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் பார்க்க முடியாது. பிடோக் நீர்த்தேக்கமும் கிட்டத்தட்ட அப்படித்தான். இங்கேயே ஓடுகிறவர் இரட்டை அலைவரிசைக்காக மட்டும் கூடுதல் வெள்ளி கொடுப்பது வீண்.

ஆனால் விலை எப்போதும் தரத்தைப் பின்தொடர்வதில்லை. 2023இல் வந்த கோரோஸ் பேஸ் 3இல் இரட்டை அலைவரிசை உண்டு, அறிமுக விலை 229 அமெரிக்க டாலர். அதற்கு அடுத்த ஆண்டு வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 165 தொடக்க விலையே 249.99 டாலர், அதில் அந்த வசதி இல்லை. கார்மினில் அந்த வசதி இருந்த ஃபோர்ரன்னர் 265 வந்தது 449.99 டாலருக்கு. ஆப்பிளிலும் இதே கதை: 2022இல் வந்த அல்ட்ராவில் எல்5 உண்டு, சீரிஸ் 9, 10 ஆகியவற்றில் கிடையாது. திரையின் பளபளப்பைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் பார்த்தால் பேஸ் 3தான் என் ஓட்டு.

மெக்ரிட்சி காட்டுப்பாதை வேறு விதமாகப் படுத்தும். அங்கே இலைகள் சமிக்ஞையை உறிஞ்சுகின்றன, மழை பெய்து நனைந்திருந்தால் இன்னும் மோசம். (மழைமேகத்தின் மேல் பழி போடுகிறவர்கள் நிறைய. இந்த அலைவரிசைகளை மேகமும் மழைத்துளியும் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை.) பாதையும் வளைந்து வளைந்து போகும். கடிகாரம் வளைவுகளை மழுங்கடித்து நேராக்கிவிடும். அதனால் நகருக்குள் கூடுகிற தூரம் இங்கே குறையவே வாய்ப்பு அதிகம்.

ஃபுட்பாட் செயற்கைக்கோளையே நம்புவதில்லை, பாதத்தின் அசைவை வைத்துக் கணக்குப் போடுகிறது. மேம்பாலத்தின் அடியில், சுரங்க நடைபாதையில், கொண்டோ ஜிம் டிரெட்மில்லில் இதற்குப் போட்டியே இல்லை. நொடிக்கு நொடி காட்டும் வேகமும் ஜிபிஎஸ்ஸைவிட நிதானமானது. ஸ்ட்ரைட் போன்ற நல்ல ஃபுட்பாட் விலை அதிகம், மலிவானவற்றை முதலில் அளவு தெரிந்த தூரத்தில் ஓடிச் சரிசெய்தாக வேண்டும். அதற்குத் தடகளம்தான் தோது. ஆனால் உள் வரிசையில் ஓடுங்கள். 400 மீட்டர் என்பது முதல் வரிசைக்கு, உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்தது. இரண்டாம் வரிசையிலேயே சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழு மீட்டருக்கு மேல் கூடும். டிரெட்மில் திரையை அப்படியே நம்பவும் வேண்டாம். பட்டையின் நீளத்தை அளந்து, சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சுற்றுகளை எண்ணினால் உண்மை தெரியும்.

ஒரு சதவீதப் பிழைக்கு இவ்வளவு பேச்சா என்றால், 42.195 கிலோமீட்டர் நெட்டோட்டத்தில் (மாரத்தானில்) அது சின்ன விஷயம் இல்லை. நான்கு மணி நேரத்தில் முடிக்க கிலோமீட்டருக்கு 5:41 வேகம் வேண்டும். கடிகாரம் தூரத்தை ஒரு சதவீதம் கூட்டிக் காட்டினால், அது 5:41 என்று சொல்லும்போது நீங்கள் ஓடுவது கிட்டத்தட்ட 5:45. முடிவுக்கோட்டில் 4 மணி 2 நிமிடத்தைத் தாண்டியிருக்கும்.

டிசம்பர் நெட்டோட்டம் முடிந்ததும் "42.6 காட்டுது, பாதையைத் தப்பா அளந்துட்டாங்க" என்று முணுமுணுப்பவர்களை எல்லா ஆண்டும் பார்க்கலாம். முறையாகச் சான்றளிக்கப்படும் பாதையை, சக்கரச் சுற்றை எண்ணும் ஜோன்ஸ் கவுன்டர் பொருத்திய சைக்கிளில், வளைவுகளின் உட்புறம் ஒட்டி, மிகக் குறுகிய வழியாக அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்று 0.1 சதவீதம், அதாவது 42 மீட்டர், சேர்த்தே வைக்கிறார்கள். கூட்டத்தில் ஒதுங்கி, தண்ணீர் மேசைக்கு வளைந்து ஓடுகிற நாம் அந்தக் குறுகிய வழியில் போவதே இல்லை. மிச்சம் ஜிபிஎஸ் போட்டது.

அதனால் போட்டி நாளில், எந்தக் கடிகாரமாக இருந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானே நேரம் குறிக்கும் தானியங்கி லேப்பை அணைத்துவிடுங்கள். சாலையோர கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது லேப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். ஒற்றை அலைவரிசைக் கடிகாரமும் அப்போது நேரத்தை மட்டும்தான் அளக்கிறது, அதை எல்லாமே சரியாக அளக்கும்.