வழுக்கும் ஹேண்டில்பார்: தகடு சொருகுவதா, ஸ்டெம்மை மாற்றுவதா?

பிரேக் பிடிக்கும்போதோ வேகத்தடையில் இறங்கும்போதோ ஹேண்டில்பார் முன்னால் சாய்ந்து இறங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். போல்ட்டை இன்னும் இறுக்கு என்பார் ஒருவர். கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி உள்ளே சொருகு என்பார் இன்னொருவர். ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் ஆயுசுக்கும் அசையாது என்பவரும் உண்டு. என் பழைய எம்டிபி (மவுண்டன் பைக்) வகை சைக்கிளில் கொஞ்ச காலம் தகடு வைத்து ஓட்டிவிட்டு, அப்புறம் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையே மாற்றிவிட்டேன். ஆகவே என் ஓட்டு புது ஸ்டெம்முக்குத்தான். மற்ற வழிகளும் பிடிக்கத்தான் செய்கின்றன. எவ்வளவு காலம் பிடிக்கும், நடுவில் எத்தனை தடவை ஸ்பேனரை எடுக்க வேண்டியிருக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

வழுக்குவது எது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். சக்கரம் நேராக இருக்க ஹேண்டில் மட்டும் இடம் வலமாகத் திரும்பினால், அது ஸ்டெம்முக்கும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் இடையிலான சிக்கல். பழைய மாடலில் ஸ்டெம்மின் தலையில் இருக்கும் நீள போல்ட்டை இறுக்கினால், உள்ளே இருக்கும் ஆப்பு ஃபோர்க் குழாயைப் பிடித்துக்கொள்ளும். நான் சொல்ல வந்தது ஸ்டெம்மின் வாய்க்குள் பார், அதாவது ஹேண்டில்பார், உருளுவதைப் பற்றி. சந்தேகமாக இருந்தால் பாரையும் ஸ்டெம்மையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் பார்தான் உருளுகிறது.

சுத்தம் செய்து இறுக்குவது செலவில்லாத வழி என்பதால் எல்லோரும் அதில்தான் தொடங்க வேண்டும். பாரைக் கழற்றி, பிடி படும் இடத்தில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் பெட்ரோலிலோ ஸ்பிரிட்டிலோ துடைத்துக் காயவிடுங்கள். கிரீஸ் போல்ட்டின் மரைக்கு மட்டும். பாருக்கும் ஸ்டெம்முக்கும் நடுவில் அதன் வாசமே கூடாது. இதோடு சரியாகிவிட்டால் நல்லது, மேலே படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

சரியாகவில்லையா? ஸ்டெம்மின் பிளவைப் பாருங்கள். போல்ட்டை இறுக்கிய பிறகும் அந்த வாயில் கொஞ்சம் இடைவெளி இருந்தாக வேண்டும். இரண்டு உதடும் முட்டிக்கொண்டு நின்றால், அதற்கு மேல் நீங்கள் போடும் பலமெல்லாம் உதடுகளை நசுக்குவதில்தான் போகும், பாருக்கு ஒன்றும் வந்து சேராது. ஒன்று, ஸ்டெம்மின் வாய் விரிந்துவிட்டது; அல்லது பார் அந்த ஸ்டெம்முக்குரிய அளவே இல்லை. பிளவை ரம்பத்தால் அறுத்து அகலப்படுத்துகிற வேலையும் சில இடங்களில் நடக்கிறது. வேண்டாம். பலம் தாங்க வேண்டிய இடத்திலேயே உலோகத்தைக் குறைக்கிறீர்கள்.

அளவு பார்க்க வெர்னியர் காலிபர் இருந்தால் வசதி. இல்லையென்றால் ஒரு காகிதத் துண்டைப் பாரின் நடுப்பகுதியில் ஒரு சுற்று சுற்றி, முனை சேரும் இடத்தில் குறித்து, ஸ்கேலில் வைத்து அளந்து பாருங்கள். 80 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தால் அது 25.4 மில்லிமீட்டர் பார். 82 பக்கம் வந்தால் 26.0, ஏறக்குறைய 100 வந்தால் 31.8. நம் ஊர் எஃகு எம்டிபிகளில் அதிகம் பார்ப்பது 25.4. பழைய ரேசிங் வகை சைக்கிள்களில் 26.0 வரும். 26.0 ஸ்டெம்மில் 25.4 பாரைப் போட்டால், வெறும் 0.6 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, மாட்டினால் மாட்டிக்கொள்ளவும் செய்யும். ஓட்டும்போது உருளும்.

இந்த 0.6 இடைவெளிக்குத் தகடு ஒரு முறையான தீர்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டின் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். பக்கத்துக்கு 0.3 வேண்டும் என்றால் மூன்று சுற்று வைக்க வேண்டும், அந்தச் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும். அதைவிட ஹார்டுவேர் கடையில் 0.3 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு கேட்டு வாங்கி ஒரே சுற்றாக வைப்பது மேல். தகட்டின் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், சேரும் இடம் ஸ்டெம்மின் பிளவுக்கு நேராக வருமாறு வையுங்கள்.

தகட்டின் குறை பிறகுதான் தெரியவரும். மழை, வியர்வை, கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்று. எஃகுக்கும் எஃகுக்கும் நடுவில் கிடக்கும் அலுமினிய டின் தகடு ஈரம் பட்டால் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இறுக்கத்தில் தகடு நசுங்கி மெலியும், ஓரம் வெளியே எட்டிப் பார்க்கும், போல்ட் தளர்ந்த மாதிரி ஆகிவிடும். மறுபடி இறுக்க வேண்டும், இல்லை புதுத் தகடு போட வேண்டும். ஒற்றை போல்ட் ஸ்டெம்மில் அதற்குக் கைப்பிடி ரப்பர், பிரேக் லிவர், கியர் இருந்தால் அதுவும், ஒரு பக்கம் முழுக்கக் கழற்றிப் பாரை உருவ வேண்டும். அவ்வளவு வேலை எதற்கு என்று ஸ்க்ரூடிரைவரால் வாயைப் பிளந்து தகட்டைச் செருகுவார்கள். பிளக்கப் பிளக்க வாய் இன்னும் விரியும், பிடி இன்னும் குறையும். தினமும் வேலைக்கு ஓட்டுகிற வண்டியில் இந்தக் கவனிப்பை யாரும் தொடர்ந்து செய்ய மாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை ஓட்டும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பிரேக் லிவர் கைக்கு எட்டாமல் கீழே உருளுவது நடுரோட்டில் அவசரமாகப் பிரேக் அடிக்கும் நேரத்தில்தான், ஏனென்றால் அப்போதுதான் உடம்பின் பாரம் முழுக்கக் கைக்கு வருகிறது.

அரத்தால் தேய்ப்பது, சென்டர் பஞ்சால் புள்ளி குத்துவது பற்றி நிறையச் சொல்ல இல்லை. எஃகு பாரின் நடுவில் ஏற்கனவே இருக்கும் சொரசொரப்பு தேய்ந்திருந்தால் கொஞ்சம் உதவும். அலுமினியத்தில் செய்யவே கூடாது. கீறல் விழுந்த இடத்தில் விரிசல் தொடங்கும், அலுமினிய பார் வளைந்து எச்சரிக்காமல் ஒடியக்கூடியது. வெல்டிங்கும் அப்படித்தான். அலுமினியத்துக்கு அந்தச் சூடே அதன் பலத்தைக் கெடுத்துவிடும். எஃகில் பிடிக்கும் என்றாலும், குரோமியப் பூச்சு எரிந்து துரு ஏறும், வெல்டிங் பட்ட இடத்தின் ஓரத்தில் பார் பலவீனமாகும், நாளைக்குப் பாரின் கோணத்தை மாற்ற நினைத்தால் வழியில்லை.

கார்பன் பாகங்களுக்கென்று வரும் உராய்வுப் பசையும் ஒரு வழி. அதில் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் இருக்கும், குறைந்த இறுக்கத்திலேயே பிடிப்பைக் கூட்டித் தரும். அலுமினிய பாரில் நன்றாகப் பிடித்ததை நண்பர் வண்டியில் பார்த்தேன். எஃகில் நீண்ட நாள் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. எப்படியானாலும் அளவு தப்பான பாருக்குப் பசை மருந்தாகாது.

இப்போது ஸ்டெம். ஃபோர்க்குக்குள் இறங்கும் பழைய வகை ஒற்றை போல்ட் ஸ்டெம்தான் மலிவு. சென்னை ரத்தன் பஜார் மாதிரி சைக்கிள் பாகங்கள் விற்கும் இடங்களில் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கலாம். உள்ளே போகும் தண்டு பெரும்பாலும் 22.2 மில்லிமீட்டர், பார் பிடிக்கும் வாய் 25.4 என்று இரண்டையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். வாய் விரியாத புது ஸ்டெம்மிலேயே பாதிப் பேருடைய பிரச்சினை தீரும்.

நான் ஒரு படி மேலே போய், முன்மூடி கழலும் நாலு போல்ட் ஸ்டெம் போட்டேன். பழைய ஃபோர்க்கில் அது நேராக உட்காராது, கீழே 22.2, மேலே 28.6 மில்லிமீட்டர் உள்ள அடாப்டர் வேண்டும். செலவு கூடத்தான். ஆனால் முன்மூடி பாரைச் சுற்றிச் சீராக அழுத்துகிறது, கைப்பிடியைத் தொடாமல் நாலு போல்ட்டைக் கழற்றினால் பார் கைக்கு வந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் துடைத்து மாட்டுவது சின்ன வேலை, சின்ன வேலை என்பதால் செய்கிறேன். போட்ட புதிதில் ஒரு தடவை இறுக்கம் சரிபார்த்தேன். அதற்குப் பிறகு தளரவில்லை. நான் ஓட்டுவது நகரத்துத் தார் ரோட்டில். கல்லும் முள்ளுமான மலைப்பாதையில் அந்த அடாப்டர் எப்படி உழைக்கும் என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை.

வாங்கும்போது ஸ்டெம்மின் வாய் அளவைப் பாருக்கு ஏற்றபடி கேளுங்கள். கடைகளில் 31.8 தான் அதிகம், அதை 25.4 பாருக்குப் போட்டால் மறுபடி சுற்றுவளையம் தேடி அலைய வேண்டும். போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றிமாற்றி இறுக்குங்கள். மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் சமமாக வர வேண்டும், தயாரிப்பாளர் வேறு மாதிரி குறித்திருந்தால் ஒழிய. எவ்வளவு இறுக்கம் என்பது பல ஸ்டெம்களில் அச்சிட்டே இருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் ஒட்டி. புது ஸ்டெம்மின் நீளம் கூடினால் பிரேக் கேபிள் எட்டுகிறதா என்று ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

இறுக்கியதும் முன்னால் நின்று சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, கைப்பிடிகள் மேல் உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்துங்கள். மார்க்கர் கோடு பிரியாவிட்டால் ரோட்டுக்கு எடுக்கலாம்.