அதனாவா, இஸ்கெந்தரா? துருக்கியில் எந்த வேளைக்கு எதைச் சாப்பிடுவது

ஒரு வாரப் பயணமாகத் துருக்கிக்குப் போனால் மொத்தம் இருபத்தொரு வேளைச் சாப்பாடு. பேருந்துப் பயணம், விமான நிலையம், அசதியில் தூங்கிவிட்ட இரவு எல்லாம் கழித்தால் உருப்படியாகப் பத்து வேளை மிஞ்சும். அங்கே ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு பண்டத்தை வைத்திருப்பதால், அந்தப் பத்து வேளைக்குள் எதை விடுவது என்பதுதான் பெரிய தலைவலி. இரண்டில் எது என்று குழம்பும்போதெல்லாம் எனக்குக் கைகொடுத்த கேள்வி ஒன்றுதான்: இதைப் பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுபோக முடியுமா? முடியும் என்றால் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். முடியாதென்றால் அங்கேயே, சூடாக, உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

முதலில் கெபாப். நிமிர்ந்த கம்பியில் சுழலும் தோனெர் நமக்குப் புதிதில்லை. ஷவர்மா என்ற சொல்லே ‘திருப்புதல்’ என்று பொருள்படும் செவிர்மே என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆகவே ரொட்டியில் சுருட்டிய தோனெருக்காக ஒரு வேளையைச் செலவழிக்க வேண்டாம். போட்டி இஸ்கெந்தருக்கும் அதனாவுக்கும்தான்.

இஸ்கெந்தர் பூர்சா நகரத்துப் பண்டம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே கடை நடத்திய இஸ்கெந்தர் எஃபெந்தியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பிதே ரொட்டியைத் துண்டுதுண்டாக வெட்டித் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய தோனெர் இறைச்சி, அதன் மேல் தக்காளிச் சாறு, பக்கத்தில் ஒரு கரண்டி கெட்டித் தயிர். கடைசியில் பரிமாறுபவர் சின்ன வாணலியோடு மேசைக்கே வந்து, உருகிப் பொங்கும் வெண்ணெயைச் ‘சொய்ங்’ என்று ஊற்றுவார். அந்த வெண்ணெயும் சாறும் இறங்கி ஊறிய அடி ரொட்டிதான் இதன் உயிர். இறைச்சியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எழுந்தால் பாதியைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

அதனா நகரத்துக் கெபாப் இதற்கு நேர் எதிர். சாறு இல்லை, வெண்ணெய் இல்லை. ஆட்டிறைச்சியையும் வால்கொழுப்பையும் ‘ஸிர்’ எனும் பெரிய வளைந்த கத்தியால் கையாலேயே கொத்துகிறார்கள். எந்திரத்தில் அரைத்தால் அது அதனா இல்லை. 2005இல் கிடைத்த புவிசார் குறியீட்டுப் பதிவிலும் இந்தக் கைக்கொத்துக்கு இடம் உண்டு. உப்பும் சிவப்பு மிளகாயும் சேர்த்து, பட்டையான இரும்புக் கம்பியில் அழுத்திப் பிடித்துக் கரியடுப்பில் சுடுவார்கள். சுடும்போதே லவாஷ் எனும் மெல்லிய ரொட்டியை இறைச்சி மேல் அழுத்தி எடுப்பதைக் கவனியுங்கள். ஒழுகி வீணாகும் கொழுப்பையெல்லாம் ரொட்டி வாங்கிக்கொள்ளும். கூடவே சுமாக் எனும் புளிப்பான சிவப்புப் பொடி தூவிய வெங்காயம், சுட்ட மிளகாய், சுட்ட தக்காளி.

நமது கொத்துக்கறி பழகிய நாக்குக்கு அதனா சட்டென்று பிடித்துவிடும். காரம் வேண்டாதவர்கள் ஊர்ஃபா கெபாப் என்று கேட்டு வாங்கலாம். ஏறக்குறைய அதே கெபாப்தான், காரம் மட்டும் அடங்கியிருக்கும். குடிப்பதற்கு அய்ரானா, ஷல்கமா என்று கேட்பார்கள். அய்ரான் உப்புப் போட்ட நீர்மோர், நமக்குத் தெரிந்த சுகம்தான். ஷல்கம் கருஊதா கேரட்டை உப்பில் புளிக்கவைத்த சாறு. முதல் மடக்கில் முகம் சுளிக்கும், ஆனால் கொழுப்பான இறைச்சிக்கு நடுவே அந்தப் புளிப்பு நாக்கைக் கழுவி விடுவதுபோல் இருக்கும். அதனா சாப்பிடும்போது ஒரு முறையாவது ஷல்கத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

என் முடிவு? ஒன்றுதான் முடியும் என்றால் இஸ்கெந்தர். கரியில் சுட்ட நல்ல கொத்துக்கறி உலகத்தில் வேறு இடங்களிலும் கிடைத்துவிடும். அந்த வெண்ணெய் ஊறிய ரொட்டியைப் பத்து நிமிடம் விட்டாலே கூழாகிவிடும், பொட்டலத்தில் எங்கே கொண்டுபோவது?

அடுத்தது கத்திரிக்காய். இதில் நமக்கு உரிமையோடு தீர்ப்புச் சொல்லும் தகுதி உண்டு. லொகான்தா எனப்படும் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளில், சமைத்த உணவுகளைத் தட்டுத்தட்டாகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் விரலைக் காட்டினால் போதும். அங்கே இரண்டு கத்திரிக்காய்கள் அக்கம்பக்கமாக இருக்கும், பார்க்க ஒன்றுபோலவே தெரியும். கர்னியாரிக் என்றால் ‘வயிறு பிளந்தது’. உள்ளே கொத்திய இறைச்சியும் வெங்காயமும். சூடாக, பிலாவ் சோற்றோடு சாப்பிட வேண்டியது. இமாம் பயில்தி என்றால் ‘இமாம் மயங்கி விழுந்தார்’. இறைச்சி இல்லை. வெங்காயம், பூண்டு, தக்காளியை அடைத்து, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக விட்டு வேகவைத்து, ஆறிய பிறகு சாப்பிடுவது. ருசியில் மயங்கினார் என்பது ஒரு கதை. வீட்டில் இவ்வளவு எண்ணெய் செலவானதைக் கேட்டு மயங்கினார் என்பது இன்னொரு கதை. சாப்பிட்டுப் பார்த்தால் இரண்டையும் நம்பலாம்.

எண்ணெய்க் கத்திரிக்காயைச் சுடச்சுடச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஆறிய கத்திரிக்காய் என்றதும் தயக்கம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஆலிவ் எண்ணெய் ஆறிய பிறகுதான் மணக்கிறது, வெங்காயத்தின் இனிப்பும் அப்போதுதான் மேலே வருகிறது. கர்னியாரிக் நல்ல உணவு, சந்தேகமே இல்லை. ஆனாலும் இமாம் பக்கம்தான் நான்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. இமாம் பயில்தி மட்டுமல்ல, ஸெய்தின்யாலி என்று அழைக்கப்படும் ஆலிவ் எண்ணெய்ச் சமையலில் பெரும்பாலானவை இறைச்சி இல்லாதவை. ஆனால் பிலாவும் பருப்பு சூப்பும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

லஹ்மாஜுனா, பிதேயா என்பதில் நீண்ட யோசனை தேவையில்லை. அவசரத்துக்கு லஹ்மாஜுன்: அப்பளம்போல் மெல்லிய ரொட்டியில் கொத்திய இறைச்சியைத் தேய்த்துச் சுட்டது. எலுமிச்சை பிழிந்து, பார்ஸ்லி இலையை வைத்துச் சுருட்டினால் நடந்துகொண்டே சாப்பிடலாம். உட்கார நேரம் இருந்தால், மேலே இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுட்ட படகு வடிவப் பிதே, அதிலும் கருங்கடல் பக்கம் போனால் கட்டாயம்.

கய்சேரி ஊரின் மந்தியையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஏமன் நாட்டு மந்திச் சோறு இல்லை இது. சுண்டுவிரல் நுனி அளவு மாவுப் பொட்டலத்துக்குள் துளி இறைச்சி வைத்து வேகவைத்து, மேலே பூண்டுத் தயிர், மிளகாய் போட்டுக் காய்ச்சிய வெண்ணெய், உலர்ந்த புதினா. ஒரு கரண்டியில் நாற்பது நிற்க வேண்டும் என்பது அந்த ஊர்ப் பெண்களின் கைத்திறனுக்கு வைத்த அளவுகோல். மோமோவோடு ஒப்பிடத் தோன்றும், ஒப்பிடாதீர்கள். மோமோவில் உள்ளே இருப்பது முக்கியம், இங்கே தயிரும் வெண்ணெயும் சேரும் இடம்தான் முக்கியம். யோகர்ட் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்களே துருக்கியர்கள்தான். தயிரைச் சூடான உணவின் மேல் ஊற்றும் துணிச்சலை அவர்களிடம்தான் கற்க வேண்டும்.

காலையிலும் அதே கதை. மெனெமென் என்பது தக்காளியும் பச்சை மிளகாயும் வதக்கி முட்டை உடைத்து ஊற்றியது. வெங்காயம் போடலாமா கூடாதா என்பதில் நாடே இரண்டு கட்சி. 2018இல் உணவு விமர்சகர் வெதாத் மிலோர் ட்விட்டரில் இதைக் கேட்டபோது லட்சக்கணக்கானோர் வாக்களித்தார்கள், வெங்காயக் கட்சி மயிரிழையில் வென்றது. நமக்கு அது தக்காளி முட்டைப் பொரியலின் அக்கா, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆகவே சில்பிர் கிடைத்தால் அதைக் கேளுங்கள்: பூண்டுத் தயிரின் மேல், ஓடில்லாமல் கொதிநீரில் வெந்த முட்டை, மேலே சிவந்த வெண்ணெய். தயிரும் முட்டையுமா என்று யோசிக்க வேண்டாம். மஞ்சள் கரு உடைந்து தயிரில் கலக்கும்போது ரொட்டியைத் தோய்த்துவிடுங்கள்.

இனிப்பில் பக்லாவாவுக்கும் கூனெஃபேவுக்கும் போட்டி. காஸியந்தெப் ஊர் பக்லாவா 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்பைப் பெற்றது. துருக்கியிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் பொருள் அதுதான். காகிதத்தைவிட மெல்லிய மாவு அடுக்குகள், நெய், முழுதாகப் பழுக்கும் முன்பே பறித்த கரும்பச்சைப் பிஸ்தா. கவிழ்த்துப் பிடித்துக் கடித்தால் நெய்யும் பாகும் ஊறிய அடிப்பக்கம் மேலண்ணத்தில் படும். முறுகலும் இனிப்பும் ஒன்றாகத் தெரியும். இதற்கு இணையான இனிப்பு மிகக் குறைவு. ஆனால் பெட்டியில் அடைத்தால் ஊர்வரை வரும்.

கூனெஃபே வராது. நூல்போன்ற கதாயிஃப் மாவுக்கு நடுவே உப்பில்லாத புதுப் பாலாடைக்கட்டி வைத்து, இரு பக்கமும் சிவக்கச் சுட்டுப் பாகு ஊற்றுகிறார்கள். அதன் ஊர் ஹதாய் மாகாணத்து அந்தாக்யா. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் அந்தப் பழைய நகரத்தின் பெரும்பகுதி இடிந்துபோனது. சமையலுக்காக யுனெஸ்கோ 2017இல் கௌரவித்த ஊர் அது. அதை நினைக்காமல் என்னால் கூனெஃபே சாப்பிட முடிவதில்லை. இஸ்தான்புல்லில் சாப்பிட்டாலும் ‘ஹதாய் முறை’ என்று எழுதிய கடையைத் தேடிப் போகிறேன்.

அதனால் பக்லாவாவைக் கிளம்பும் நாளில் வாங்குங்கள், கூனெஃபேவை அங்கேயே சாப்பிடுங்கள். அது சுட்டு வர நேரம் ஆகும், சாப்பாடு பாதியில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். சர்க்கரை போடாத ஒரு கிளாஸ் தேநீரும் கேளுங்கள். தட்டு வந்ததும் படம் எடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டு முதல் வாய் எடுத்துவிடுங்கள். பாலாடைக்கட்டி இழையாக நீள்வது கொஞ்ச நேரம்தான்.