பதற்றம் தீர நிபுணரா, பயிற்சியாளரா?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பிள்ளைகளுக்கு நீளம் தாண்டுதல் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டிப் பதற்றத்தைச் சமாளிக்கச் சென்னையிலிருந்து விளையாட்டு உளவியல் நிபுணரை அவ்வப்போது வரவழைப்பதா, பயிற்சியாளரே அந்த உத்திகளைக் கற்று அன்றாடப் பயிற்சியில் சேர்ப்பதா என்ற பேச்சு பெற்றோரிடையே எழுந்தது. இரண்டையும் பார்த்தோம். நான் இரண்டாவதன் பக்கம்.

நிபுணரின் படிப்பைப் பற்றியோ செலவைப் பற்றியோ விளக்கத் தேவையில்லை. குகேஷ் 2024-இல் உலக சதுரங்கப் பட்டம் வென்றபோது மனப் பயிற்சியாளர் பேடி அப்டன் துணையிருந்தாரே என்று ஒரு தந்தை கேட்டார். உண்மைதான். ஆனால் அப்டன் ஒரு நாள் வகுப்பு எடுத்துவிட்டுப் போகவில்லை. மாதக்கணக்கில் அவரோடு வேலை செய்தார். எங்கள் வசதிக்கு அது கட்டாது.

தொடர்ச்சிதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒருமுறை எங்களிடம் வந்த நிபுணர் மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்து, கண்ணை மூடித் தாண்டுவதை நினைத்துப் பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் அமைதியானார்கள்; இருவர் உறங்கியே விட்டார்கள். அடுத்த வாரம் அதை யாரும் தொடவில்லை. ஹோம்ஸ், காலின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2001-இலேயே, மனத்தில் ஒத்திகை பார்ப்பது போட்டிச் சூழலை ஒத்திருக்க வேண்டும் என்று ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதே உடை, அதே இடம், அதே வேகம். பாயில் படுத்திருப்பவனுக்கு இவற்றில் எது இருக்கிறது? இப்போது பிள்ளைகள் ஸ்பைக்ஸ் காலணி மாட்டி, வெயிலில், ஓடுபாதையில் நின்றபடியே நினைத்துப் பார்க்கிறார்கள்.

போட்டியில் பெயர் அழைத்ததும் தாண்டக் கிடைப்பது ஒரு நிமிடம். முதல் இரண்டு தாண்டலும் ஃபவுல் என்று வையுங்கள். மூன்றாவதும் போனால், மேற்கொண்டு தாண்டத் தகுதிபெறும் எட்டுப் பேரில் இடமில்லை. அந்த நேரத்தில் எங்களிடம் பயிலும் பெண் மணல் குழிக்கு முதுகு காட்டி நிற்பாள், மூச்சை நீளமாக வெளியே விடுவாள், திரும்பி, ஓட்டம் தொடங்கும் மார்க்கில் கால் வைப்பாள், ‘எழும்பு’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஓடுவாள். பயிற்சியின் ஒவ்வொரு தாண்டலுக்கு முன்பும் இதே வரிசைதான். மாலைதோறும் கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால் மூச்சுவிடுவது முதலில் உதிரும், பிறகு மற்றவையும். அவ்வப்போது வந்துபோகும் நிபுணரால் அதைப் பிடிக்க முடியாது. ‘முழங்காலைத் தூக்கு, கையை வீசு’ என்று நான் பாதையோரம் கத்துவதையும் குறைத்துக்கொண்டேன். கவனம் உடலுறுப்பின் மேல் போனால் அசைவு இறுகிவிடும் என்பது கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் தொடர்ந்து ஆராய்ந்த விஷயம்.

தூரம் கூடியிருக்கிறது, ஆனால் அதில் இதன் பங்கு எவ்வளவு, உடல் வலிமைப் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது சலித்துப்போகிறது. தவிர, அணியைத் தேர்வு செய்பவனும் நானே என்பதால், ‘பயமாக இருக்கிறது சார்’ என்று பல பிள்ளைகள் என்னிடம் வாய்திறப்பதில்லை. இந்த ஒன்றில் வெளியாள்தான் மேல். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்ற அளவுக்குப் போனால் அது பயிற்சியாளர் வேலையே அல்ல, மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

ஆகவே பருவத் தொடக்கத்தில் ஒருமுறை நிபுணரை அழைக்கிறோம். காலையில் பிள்ளைகள் அவரிடம் தனித்தனியாகப் பேசுவார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. மாலையில் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு.