பேட்டமைன் ஏ-வா, ஹிப்புரிஸ்டனாலா?

காட்பாடில எம்.எஸ்சி. படிக்கிற தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணா, ஹெலிகேஸை, அதான் ஆர்என்ஏ மடிப்பைப் பிரிக்கிற என்சைமை, ஸ்பீடாக்குற மருந்துன்னா செல்லுக்கு நல்லதுதானே?" அங்கதான் சிக்கலே கீது.

பேட்டமைன், ஹிப்புரிஸ்டனால் ரெண்டுமே செல்லோட புரோட்டீன் தயாரிப்பை நிறுத்துற கடல் சரக்கு. ஹிப்புரிஸ்டனால் பவளத்துலருந்து, பேட்டமைன் நியூசிலாந்து கடற்பஞ்சுலருந்து. ரெண்டும் பிடிக்கிறது ஒரே என்சைமைத்தான், இஐஎஃப்4ஏங்கிற ஹெலிகேஸ்.

ஹிப்புரிஸ்டனால் கதை சிம்பிள், என்சைமை ஆர்என்ஏ பக்கம் ஒட்டவே விடாது, வேலை நின்னுடும், அவ்ளோதான். பேட்டமைன்தான் வில்லங்கம்: 2005ல வந்த ஆய்வுல பாத்தா என்சைம் ஏடிபிங்கிற எரிபொருளை உடைக்கிறது, ஆர்என்ஏ பிரிக்கிறது எல்லாமே ஏறுது, ஆனா புரோட்டீன் தயாரிப்பு மட்டும் படுத்துடுது, ஏன்னா என்சைம் ஆர்என்ஏ மேலயே பசை மாதிரி உக்காந்துடுது, புரோட்டீன் செய்யுற ரைபோசோமைக் கூட்டிவர வேண்டிய இஐஎஃப்4எஃப் கூட்டணில இந்த இஐஎஃப்4ஏவும் ஒரு ஆள், அதனால அங்க ஆள் பத்தல. ஆம்பூர் பிரியாணிக் கடைல ஒருத்தன் மூலைல உக்காந்து படுவேகமா வெங்காயம் உரிச்சுட்டே இருக்கான், அடுப்பாண்ட வரவே மாட்றான்னா பிரியாணி எப்படி இறங்கும்?

லேப்ல என்னைக் கேட்டா மொதல்ல ஹிப்புரிஸ்டனால்தான், எடுத்துட்டா செல் மறுபடி தேறிடும், பேட்டமைன் அப்படி லேசுல விடாது. பூஸ்டர்னு எவனாவது புதுசா காட்டினா, பிரிக்கிற வேகத்தோட புரோட்டீன் அளவையும் சேத்துக் கேளு தம்பி.