கிரீட் தீவு, மூணு ட்ரிப், ஒரு பொட்டி: எது உழைச்சுது, எது தண்டம்

கிரீஸ் நாட்டுத் தீவான கிரீட்டுக்கு மொத தடவ ஜூன்ல போனோம், அடுத்தது ஆகஸ்ட், போன வருஷம் அக்டோபர். மொத ட்ரிப்புக்கு நாலு பேருக்கு மூணு பெரிய பொட்டி இழுத்துட்டுப் போனோம், போன தடவ ஆளுக்கு ஒரு கேபின் பேக் தான், அதுலயும் எடம் மிச்சம்.

துணிமணிய விட காலுக்கு என்ன போடப் போறோம்னு தான் அங்க மொதல்ல யோசிக்கணும். வாட்டர் ஷூ கட்டாயம். எலஃபோனிசி மாதிரி மணல் பீச்சுக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம், ஆனா நாங்க அதிகம் போறது கூழாங்கல்லும் பாறையுமா இருக்குற சின்னச் சின்ன பீச்சுங்க தான். மொத ட்ரிப்ல வெறுங்கால்ல பாறை மேல எறங்கி கடல் முள்ளெலிய மிதிச்சுட்டேன், கறுப்பு முள்ளு ஏழெட்டு குதிகால்லயே ஒடைஞ்சு நின்னுடுச்சு, பக்கத்து ஹோட்டல் பாட்டி ஆலிவ் எண்ணெய தடவி ஊசியால ஒவ்வொண்ணா எடுத்துவிட்டாங்க, ரெண்டு நாள் நொண்டிக்கிட்டே திரிஞ்சேன். மறுநாளே வாங்குன ஷூ மூணு ட்ரிப்பும் தாங்குச்சு, இப்ப தான் அடி பிரியுது.

அத போட்டுக்கிட்டு சமாரியா பள்ளத்தாக்கு போலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. ஓமலோஸ் பக்கம் 1,200 மீட்டர் உயரத்துல ஆரம்பிச்சு கடல் மட்டம் வரைக்கும் சுமார் 16 கிலோமீட்டர் நடந்து எறங்கணும், வழியெல்லாம் உருளைக்கல்லு. பாதில முடியலன்னு ஆட்டோ புடிச்சு வர முடியாது, முடியுற எடமான அகியா ரூமேலிக்கு ரோடே கெடையாது, படகுல தான் வெளிய வரணும். நான் புது ஷூவோட போய் ரெண்டு கட்டவிரல் நகமும் கறுத்துப் போச்சு. இறக்கத்துல விரல் முன்னாடி போய் முட்டுது, அதனால பழகுன ஷூ, கொஞ்சம் லூசா. தண்ணி பாட்டில் ஒண்ணு போதும், வழில ஊத்துத் தண்ணி புடிச்சுக்கலாம்.

அடுத்த ஹீரோ நம்ம ஈரிழைத் துண்டு. மைக்ரோஃபைபர் டவல்லாம் வாங்கிப் பாத்தாச்சு, ஒடம்போட வழுக்கிக்கிட்டு தண்ணியே எடுக்கல. ஈரிழை அரை மணி நேரத்துல காஞ்சுடும், கழுத்துல சுத்திக்கலாம், மடாலத்துக்குள்ள போறப்ப தோளையும் மூடிக்கலாம், அங்க முழங்காலும் தோளும் தெரியக்கூடாது.

ஆகஸ்ட்ல மெல்டெமின்னு வடக்குக் காத்து அடிக்கும், வெயிலே உறைக்காது, அதுல தான் ஏமாந்தேன். நம்ம நெறத்துக்கு சன்ஸ்கிரீன் எதுக்குன்னு விட்டு முதுகு உரிஞ்சுது. இப்ப முழுக்கை நீச்சல் சட்டை தான். தொப்பிக்கு தாடைக் கயிறு இல்லன்னா அது கடலுக்குத் தான் சொந்தம்.

தண்டம்னா பீச் குடை, ஹேர் ட்ரையர், மூணு ஜீன்ஸ். அக்டோபருக்கு மட்டும் லேசான மழை ஜாக்கெட் வேணும், ஆனா கடல் தண்ணி அப்பவும் குளிக்கிற சூடு தான். நம்மூர் ரெண்டு பின் சார்ஜர் அப்டியே சொருகும், மூணு பின்னுக்கு தான் அடாப்டர்.

சாப்பாட்டுக்கு பயந்து மொத தடவ ரெடிமேட் உப்புமா பாக்கெட் பத்து கொண்டு போனோம், எட்டு திரும்பி வந்துச்சு. டாக்கோஸ்னு பார்லி ரொட்டி மேல தக்காளியும் சீஸும் வெச்சு தருவாங்க, சைவத்துக்கு அதுவே போதும். இட்லிப் பொடி மட்டும் சின்ன டப்பால இன்னும் எடுத்துட்டுப் போறோம், அந்த ஊர் ஆலிவ் எண்ணெய்ல கொழச்சு ரொட்டிக்குத் தொட்டுப் பாருங்க, நல்லெண்ணெய் கோச்சுக்கும்.