அலுமினியப் படகில் கார் வூஃபர் பூட்டக் கொடுத்தேன்: கறுப்பு வயரைப் பாருங்கள்

எனக்குத் தெரிந்தே ரொறன்ரோப் பக்கம் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சின்னப் படகு வைத்திருக்கின்றன. கோடை வந்தால் படகில் பாட்டு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடனே ஞாபகத்துக்கு வருவது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கார் ஓடியோக் கடைதான். நானும் அங்கேதான் போனேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. வேலை எப்படி நடந்தது என்பதை முழுதாக எழுதுகிறேன். இதே வேலையை இதே மாதிரி வேறு கடைக்காரரும் செய்யக்கூடும்.

எங்களுடையது 17 அடி அலுமினியப் படகு. பின்னால் 60 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின். நானும் மச்சானும் பாதிப் பாதி காசு போட்டுப் பழையதாக வாங்கினோம். மீன் பிடிக்கவும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு சிம்கோ ஏரியில் சுற்றவும்தான் அது.

போன வருடம் மே மாதம், விக்டோரியா நாள் விடுமுறைக்கு முன்பு, படகை ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டு ஸ்காபரோவில் உள்ள அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நம் ஆள்தான். படகில் இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "அண்ணை, யோசிக்காதேங்கோ. கார் என்ன, போட் என்ன, எல்லாம் 12 வோல்ட்தானே" என்றார். அந்த ஒரு வசனத்தில் நான் அடங்கிப்போனேன். 12 வோல்ட் என்பது உண்மை. மீதி எதுவும் உண்மையில்லை என்று தெரிய எனக்கு நாலு மாதம் ஆனது.

முதலில் 1,100 டொலர் என்று வாயால் சொன்னார். வேலை முடிந்து எடுக்கப் போனபோது 1,450 என்றார். வயர் கூடத் தேவைப்பட்டதாம். கார்ட் போட்டால் அதற்கு மேல் 13 வீத வரி, காசாகத் தந்தால் வரி இல்லை என்றார். நான் காசாகக் கொடுத்தேன். பில் வாங்கவில்லை. இதில் நான் செய்த பெரிய பிழை அதுதான். மதிப்பீடு எழுத்தில் இருந்து, அது ஒப்பந்தத்தின் பகுதியாக இருந்தால், அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடுதலாக அறவிட முடியாது என்று ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்திருந்தால் நான் அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

சரி, அவர் பூட்டியது என்ன? எம்.டி.எஃப் என்கிற, மரத்தூளை அழுத்திச் செய்த பலகைப் பெட்டிக்குள் 12 அங்குலக் கார் வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர் ஒன்று. "2000 வாட்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்த ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் கருவி ஒன்று. பின்னால் இருக்கும் பற்றறியிலிருந்து தரைப்பலகைக்குக் கீழே ஒன்பது அடி தூரம் இழுத்துக்கொண்டு வந்த தடித்த சிவப்பு வயர்.

முதல் நாளே ஏரியில் சத்தம் காணாது என்று பிள்ளைகள் சொன்னார்கள். கடையில் நெஞ்சு அதிரக் கேட்ட அதே வூஃபர் திறந்த வெளியில் யாரோ பக்கத்து வீட்டில் கதவைத் தட்டுவது போலக் கேட்டது. காருக்குள் கண்ணாடி எல்லாம் மூடியிருக்கும்போது, அந்தச் சின்ன அறையே தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். படகில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. தூக்கிக் கொடுக்க ஒன்றுமில்லை. இது கார் ஓடியோ வேலை செய்கிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். திரும்பக் கொண்டுபோனேன். ஆம்பில் உள்ள கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகை, முழுதாகத் திருகிவிட்டு அனுப்பினார். அதன் பிறகு சத்தம் கூடவில்லை, கரகரப்புத்தான் கூடியது. ஆம்பைத் தொட்டால் கை சுட்டது.

அந்த 2000 வாட் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பின் பக்கத்தில் செருகியிருந்த ஃபியூஸ் 40 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் வோல்டேஜை 13 என்று வைத்துக்கொண்டால் 520 வாட் வரும். அது உள்ளே போகும் சக்தி; அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். வெளியே 2000 எங்கிருந்து வரும்? கடையில் ஆம்ப் வாங்குகிறவர்கள் பெட்டியில் உள்ள எண்ணை விடுங்கள், ஃபியூஸைப் பாருங்கள்.

அடுத்த வாரம் படகு பற்றறி செத்துக் கிடந்தது. ட்ரெய்லரில் சும்மா நின்ற படகு. போன் எடுத்தேன். "பற்றறி பழசு அண்ணை, புதுசு போடுங்கோ" என்றார். அவரிடமே 210 டொலருக்குப் புதுசு வாங்கினேன். பழைய பற்றறியில் பிழையே இல்லை என்று பிறகு தெரிந்தது. ரேடியோவை நிறுத்தினால் ஆம்பும் நிற்பதற்காக ரிமோட் வயர் என்று ஒரு மெல்லிய நீல வயர் இருக்கும். அதை ரேடியோவில் கொடுக்காமல் நேரே பற்றறியின் பிளஸில் கொடுத்திருந்தார். ஆம்ப் இரவும் பகலும் விழித்திருந்தது. சும்மா இருக்கும் ஆம்ப் ஒரு ஆம்பியர் இழுத்தாலே, நாலைந்து நாளில் ஒரு பற்றறி காலி. தன் பிழையால் செத்த பற்றறிக்குப் பதிலாக எனக்கே இன்னொன்றை விற்றிருக்கிறார். அவருக்கு அது தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஜூலை மாதம் நடந்ததை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. சிம்கோ ஏரியின் குக்ஸ் பே என்ற குடாவில் நங்கூரம் போட்டு, எஞ்சினை நிறுத்தி, இரண்டு மணி நேரம் மீன் பிடித்தோம். நான், மச்சான், என் மகள், மச்சானுடைய இரண்டு பையன்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து காற்று எழும்பியது. குக்ஸ் பே ஏரியின் தெற்கு மூலையில் நீளமாகக் கிடக்கிறது. வடக்குக் காற்று வந்தால் முழு ஏரியின் அலையும் அதற்குள்தான் வரும். திரும்பலாம் என்று சாவியைத் திருப்பினேன். டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சினுக்குக் கயிறு சுற்றி இழுத்தும் பார்த்தோம், முடியவில்லை. பின்பக்கத்தால் அலை அடித்துத் தண்ணீர் உள்ளே வந்தது. தண்ணீர் இறைக்கும் பம்ப் சுவிட்சைப் போட்டேன். பம்பும் அதே பற்றறியில் ஓடுவதுதான். சத்தமே இல்லை. வெட்டிய பிளாஸ்டிக் கானால் மச்சான் இறைத்தார். பிள்ளைகள் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதி எங்களைக் கண்டு, கயிறு கட்டிக் கெஸ்விக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அவர்களுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

காரில் எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் நூறு ஆம்பியர் அளவில் கொடுக்கும். சின்ன அவுட்போர்ட் எஞ்சின் அதில் ஒரு சிறு பங்குதான் கொடுக்கும், அதுவும் வேகமாக ஓடும்போது. நங்கூரம் போட்டு நிற்கும்போது அதுவும் இல்லை. படகில் பெரிய ஆம்ப் பூட்டுகிறவர் பாட்டுக்கென்று இரண்டாவது பற்றறி வைத்து, எஞ்சினைக் கிளப்பும் பற்றறியைப் பாட்டு தொடாதபடி பிரித்து விட வேண்டும். அந்தக் கடையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

அதற்குப் பிறகு படகை அங்கே கொண்டுபோகவில்லை. செப்டெம்பரில் கெஸ்விக் பக்கம் படகு வேலை மட்டும் செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வூஃபரைப் பார்க்கவேயில்லை. ஆம்பிலிருந்து போகும் கறுப்பு வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனார். அது பற்றறிக்குப் போகவில்லை. தரைப்பலகைக்குக் கீழே, படகின் குறுக்கு விலா ஒன்றில் ஒரு இரும்புத் திருகாணியால் முறுக்கியிருந்தது.

கார் ஓடியோக்காரர் கையைக் கட்டிப்போட்டாலும் இதைத்தான் செய்வார். காரின் இரும்பு உடம்பு முழுவதும் எர்த், அதாவது பற்றறியின் மைனஸோடு சேர்ந்தது. பக்கத்தில் எங்காவது பெயின்ட்டைச் சுரண்டித் திருகாணி போட்டால் வேலை முடிந்தது. படகில் அந்த உலோகம்தான் தண்ணீரை வெளியே வைத்திருக்கிறது. எங்கள் எஞ்சின் பற்றறியின் மைனஸோடு சேர்ந்தது. அதே எஞ்சினைப் படகின் பின்புறத்தில் போல்ட் போட்டுப் பூட்டியிருக்கிறது. ஆகவே ஆம்பின் கரண்ட் படகின் உடம்பு வழியாக ஓடி எஞ்சினுக்குப் போய்ப் பற்றறியைச் சேர்ந்தது. பாட்டு கேட்டது. நான் எல்லாம் சரி என்று நினைத்தேன்.

திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி, பாண் மாவு கொட்டின மாதிரி. அதைத் துடைத்த பிறகு கீழே உள்ள தகட்டில் ஊசியால் குத்தினது போலக் குழிகள். திருகாணி தேவையைவிட நீளம். அதன் முனை விலாவைத் தாண்டி அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அலுமினியமும் இரும்பும் செம்பும் ஈரத்தில் ஒன்றாக இருந்தால், கரைவது அலுமினியம். கரண்டும் ஓடினால் இன்னும் வேகம். அலுமினியப் படகின் அடியில் ஒரு செப்புக் காசு விழுந்து கிடந்தாலே எடுத்துவிட வேண்டும் என்றார் மெக்கானிக். ஒரு குழிக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். தகட்டில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. என் மகள் கால் வைத்து உட்காரும் இடத்துக்கு நேர் கீழே.

சிவப்பு வயரையும் பார்த்தார். ஃபியூஸ் ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அது பற்றறிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் பொது விதி 7 அங்குலத்துக்குள். காரணம் எளிது. ஃபியூஸ் காப்பாற்றுவது தனக்குப் பிறகு வரும் வயரை மட்டும்தான். எங்கள் படகில் ஒன்பது அடி வயர், காப்பே இல்லாமல், கூர்மையான அலுமினிய விளிம்புகளுக்கு மேலால், பெட்ரோல் டாங்கை உரசிக்கொண்டு வந்திருந்தது. ஒரு விளிம்பில் உறை பாதி தேய்ந்திருந்தது. அது முழுதாகத் தேய்ந்து உலோகத்தில் பட்டிருந்தால், பற்றறி தன் முழுப் பலத்தோடு அந்த வயரைப் பழுக்கக் காய்ச்சியிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியிலேயே தங்கி நிற்கும். இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

வயர் செம்பும் இல்லை. உள்ளே அலுமினியம், மேலே மெல்லிய செப்புப் பூச்சு. வெட்டிக் காட்டினார், நடுவில் வெள்ளையாக இருந்தது. உறையில் சி.சி.ஏ. (செப்புப் பூச்சுப் போட்ட அலுமினியம்) என்று சின்னதாக அச்சடித்திருந்தது. அது காரிலேயே தரம் குறைந்த வயர். படகுக்குத் தகரப்பூச்சுப் பூசிய செப்பு வயர் என்று தனியாக இருக்கிறது. ஈரத்தில் எளிதில் பச்சை பிடிக்காது. வயர் கூடப் போட்டதாக என்னிடம் வாங்கிய 350 டொலர் இந்த வயருக்குத்தான். எம்.டி.எஃப் பெட்டியின் அடிப்பக்கம் ஊறிய ரஸ்க் போல உப்பி, வூஃபரின் காகிதக் கூம்பில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

படங்களோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "போட்டுக்கு நாங்கள் வாரண்டி குடுக்கிறேல்லை அண்ணை. நீங்கள் தண்ணிக்குள்ள விட்டிருக்கிறியள்" என்றார். படகைத் தண்ணீருக்குள் விட்டது என் பிழையாம். பிள்ளைகள் அதற்குள் இருந்தார்கள் என்று சொன்னேன். வேறு வாடிக்கையாளர் நிற்கிறார் என்று உள்ளே போய்விட்டார். பில் கேட்டேன், காசுக்கு விற்றதற்குப் பில் இல்லை என்று கவுண்டரில் நின்ற பையன் சொன்னான்.

தகட்டை வெல்ட் பண்ணவும், எல்லா வயரையும் கழற்றிச் சரிசெய்யவும் 1,300 டொலர் போனது. இப்போது படகில் இருப்பது படகுக்கென்றே செய்த இரண்டு ஆறரை அங்குல ஸ்பீக்கர்: பிளாஸ்டிக் கூம்பு, ரப்பர் விளிம்பு, துருப்பிடிக்காத ஆணி. வூஃபர் இல்லை. கறுப்பு வயரும் சிவப்பு வயரும் ஒன்றாகப் பற்றறிவரை போகின்றன. பற்றறிக்குப் பக்கத்தில் ஃபியூஸ். பாட்டுக்குத் தனிப் பற்றறி.

அந்தக் கடையில் இன்னும் சில நம் ஆட்கள் படகுக்கு வேலை செய்வித்திருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். உங்கள் படகில் கார் ஓடியோக்காரர் கை வைத்திருந்தால், இந்த வசந்தத்தில் தண்ணீரில் இறக்க முன்பு தரைப்பலகையைத் தூக்குங்கள். ஆம்பிலிருந்து கறுப்பு வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போங்கள். அது பற்றறியின் மைனஸில் முடியாமல் படகின் உலோகத்தில் முடிந்தால், உடனே கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் துடைத்துத் தகட்டைப் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் படகு மெக்கானிக் ஒருவர் பார்க்கும்வரை பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.