வாளியில் கொட்டிய தண்ணீர்: டிஷ்வாஷர் பழுதில் நான் ஏமாந்த விதம்

டிஷ்வாஷரில் தண்ணீர் வடியவில்லை என்று யாரையாவது கூப்பிடப் போகிறீர்களா? போனைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் மூன்று வாரம் கையால் பாத்திரம் கழுவினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு பாகங்களை எவனோ ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்து, அதற்குப் பணமும் கொடுத்தேன்.

ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம், வாடை வேறு. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றிவிட்டு, பில்டரைக் கழற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பெரிதாக அழுக்கு ஒன்றும் இல்லை. திரும்பப் போட்டு ஓடவிட்டேன். தண்ணீர் ஏறியது, சுழன்றது, வெளியேற வேண்டிய நேரத்தில் 'உர்ர்' என்று ஒரு நிமிடம் உறுமிவிட்டு நின்றது. தண்ணீர் அப்படியே இருந்தது. திரையில் ஒரு பிழை எண். போஷ் மெஷின்களில் இது 'இ24' என்று வரும், எல்ஜியில் 'ஓஇ'. எந்த கம்பெனியானாலும் அதற்கு அர்த்தம் 'தண்ணீர் வெளியே போகவில்லை' என்பது மட்டும்தான். ஏன் போகவில்லை என்பதை அந்த எண் சொல்லாது. இது அப்போது எனக்குத் தெரியாது.

மெஷினோடு வந்த புத்தகம் இழுப்பறையில்தான் இருந்தது. சோம்பலில் அதை எடுக்காமல் போனிலேயே தேடினேன். முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டேன். "கம்பெனி சர்வீஸ்தானே?" என்றதற்கு, "ஆமா மேடம், கம்பெனிதான்" என்று பதில் வந்தது. எந்தக் கம்பெனி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்ன மாடல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். நல்ல மரியாதை, செருப்பை வெளியே விட்டு வந்தார். இரண்டு பட்டனை அழுத்தினார், அந்த உறுமலைக் காது கொடுத்துக் கேட்டார். "போர்டு போயிருச்சு மேடம்." மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகையைத்தான் போர்டு என்கிறார்கள். பில்டரைத் தொடவில்லை, சிங்க்கின் கீழே குனிந்து பார்க்கவில்லை. போர்டைக் கழற்றி ஓர் ஓரத்தில் பழுப்பாக இருந்த திட்டைக் காட்டி, "பாருங்க, எரிஞ்சிருக்கு" என்றார். வீட்டுக்காரரிடம் காட்டலாமே என்று அதைப் படம் எடுத்து வைத்தேன். நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மறுநாள் வேறு போர்டு வந்தது. மெஷினை வெளியே இழுத்து மாட்டினார். பிறகு சிங்க் குழாயில் சொருகியிருந்த ஹோஸைப் பிடுங்கி ஒரு வாளியில் விட்டு, மெஷினை ஓடவிட்டார். தண்ணீர் திபுதிபுவென்று வாளியில் கொட்டியது. "எப்பிடிப் போகுது பாத்தீங்களா?" எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பணத்தைக் கொடுத்தேன். அவர் ஹோஸைத் திரும்பச் சொருகி, மெஷினை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் மறுபடியும் கலங்கல் தண்ணீர்.

இந்த முறை "போர்டு நல்லாத்தான் இருக்கு, மோட்டார் போச்சு" என்றார். தண்ணீரை வெளியே தள்ளும் டிரெயின் பம்பைத்தான் மோட்டார் என்கிறார்கள். கரண்டிக் காம்பால் அதன் சிறு விசிறியைத் திருப்பிக் காட்டினார். என்னையும் திருப்பச் சொன்னார். வழுக்கிக்கொண்டு சுற்றாமல், விட்டு விட்டுப் பிடித்துப் பிடித்துத் திரும்பியது. "ஜாம் ஆயிருச்சு மேடம், நீங்களே தொட்டுப் பாத்துட்டீங்க." என் கையாலேயே என்னை நம்பவைத்தார் பாருங்கள், அந்தச் சாமர்த்தியத்தை இன்னமும் மறக்க முடியவில்லை. மோட்டார் மாறியது. மறுபடியும் வாளி, மறுபடியும் அதே காட்சி, மறுபடியும் பணம். பழைய மோட்டாரும் பழைய போர்டும் அவர் பையில் போயின.

ஆறு நாள் ஓடியது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது, "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க மேடம், பழசைக் குடுத்திருங்க, நான் நல்ல மெஷினா ஒண்ணு எடுத்துத் தர்றேன்" என்றார். வாரண்டி என்னாச்சு என்றேன். "அது போர்டுக்குத்தான், தண்ணி போறதுக்கு இல்ல."

புலம்புவதற்காகத்தான் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ஒரு தொழிற்சாலையில் பம்புகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டான்.

"அக்கா, மொத நாளு உர்ருன்னு சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப போர்டு மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பியிருக்கு. வாளியில விட்டப்ப தண்ணி வேகமா கொட்டுச்சா?"

"ரெண்டு தடவையும் கொட்டுச்சு."

"அப்ப மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. ஹோஸைச் சொருகுற எடத்தைப் பாரு."

சிங்க்கின் கீழே, வளைந்த கழிவுக் குழாயின் பக்கவாட்டில் விரல் தடிமனில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். டிஷ்வாஷர் ஹோஸ் அதில்தான் சேரும். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தேன். மூக்குக்குள் சாம்பல் நிறத்தில் மெழுகுபோல ஏதோ அடைத்திருந்தது. பழைய டூத்பிரஷ்ஷின் காம்பால் குடைந்ததும் புட்டி மூடியைப்போல் முழுசாகக் கழன்று வந்தது. விரலால் நசுக்கினேன். உறைந்த எண்ணெய்ப் பிசுக்கு, அதற்குள் சுருண்டு கிடந்த காகிதம். பாட்டில்களில் ஒட்டியிருக்கும் லேபிள். லேபிளை உரிக்காமல் பாட்டில்களை மெஷினில் போட்ட புண்ணியம் என்னுடையதுதான்.

சிங்க் தண்ணீர் எந்த நாளும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அடைப்பு அந்த மூக்கில் மட்டும் இருந்தால் சிங்க்குக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முறை ஹோஸைப் பிடுங்கிச் சொருகியபோதும் அடைப்பு கொஞ்சம் நகர்ந்து வழி விட்டிருக்கிறது. அதனால்தான் நாலு நாள், ஆறு நாள் என்று ஓடியிருக்கிறது.

அவருக்கே தெரியாமல் செய்தாரோ என்று முதலில் நினைத்துப் பார்த்தேன். முதல் தடவை வேண்டுமானால் அப்படி இருக்கலாம். நாலு நாளில் திரும்ப வந்து, அதே ஹோஸை அதே குழாயிலிருந்து பிடுங்கி அதே வாளியில் விட்டவருக்குத் தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன். பாகத்தை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை வாளியில் விட்டிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். மாற்றிய பிறகு விட்டதால் அது அவருக்குச் சாட்சி ஆகிவிட்டது.

பிறகு புத்தகத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் சொல்லச் சொன்னார்கள். வந்தவர் நான் எடுத்து வைத்திருந்த போர்டு படத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பழுப்புத் திட்டு, பாகங்கள் ஆடாமல் இருக்க வைக்கும் பசை. சூட்டில் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். விசிறி பிடித்துப் பிடித்துத் திரும்பியதும் கோளாறு அல்ல. அந்த மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது, நல்ல மோட்டாரும் கையால் சுற்றினால் அப்படித்தான் இருக்குமாம். எனக்கு மாட்டிய 'புது' மோட்டாரின் உட்புறத்தில் உப்புப் படிந்திருந்தது, திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தது. எந்த வீட்டிலிருந்து கழற்றியதோ. என்னுடையது இப்போது எந்த வீட்டில் 'புதுசாக' ஓடுகிறதோ.

ஆகவே உங்கள் மெஷினில் தண்ணீர் நின்றால், யாரையும் கூப்பிடும் முன் ஹோஸை நீங்களே பிடுங்கி வாளியில் விட்டுப் பாருங்கள். முனையை வழக்கமாக இருக்கும் உயரத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். தரையோடு தாழ்த்தினால், வலுவிழந்த பம்ப்கூட நன்றாகக் கொட்டுவதுபோல் தெரியும். உள்ளே 3, 4 லிட்டர் இருக்கும், வாளி சின்னதாக இருக்க வேண்டாம். வேகமாகக் கொட்டினால் கோளாறு மெஷினுக்கு வெளியே. சிங்க்கையோ கழிவு அரைக்கும் மெஷினையோ சமீபத்தில்தான் மாற்றினீர்கள் என்றால், இணைப்பு மூக்கை உள்ளே அடைத்திருக்கும் மூடியை உடைக்காமலே ஹோஸை மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

உறுமல் வந்தும் வாளிக்குத் தண்ணீர் வரவில்லையா? ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கலாம், மெஷினை உள்ளே தள்ளும்போது பின்னால் நசுங்குவது சகஜம். அல்லது பம்பின் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் உடைந்த கண்ணாடித் துண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரை மொண்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பில்டருக்குக் கீழே பாருங்கள். வெறும் விரலை விடாதீர்கள். சத்தமே இல்லை என்றால் மோட்டார், வயர், போர்டு என்று யோசிக்க வேண்டும். அதை ஆளிடம் விடுவதுதான் சரி. பில்டர் குழியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடைப்பு நீக்கும் ஆசிட்டை மட்டும் மெஷினுக்குள் ஊற்றிவிடாதீர்கள், ரப்பரெல்லாம் போய்விடும்.

பாகம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், பழையதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பில்லில் பாகத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த தாளில் 'ரிப்பேர்' என்ற ஒரே வார்த்தைதான் இருந்தது.

போன வாரம் புதிய எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. வேறு கம்பெனிப் பெயர், டிஷ்வாஷருக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறீர்களா மேடம் என்று கேட்டது அதே குரல். "என் பழைய போர்டு இன்னும் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.